வைத்துக்கொள்வதா, விட்டுப்போவதா: பாராமகாலிலிருந்து ஒரு பார்வை

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் ராஜ்ஜியத்தில் பாதியை இழந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்காக வந்த நிலங்களில் ஒன்று பாராமகால். கிருஷ்ணகிரி, ஜகதேவி, தருமபுரி, காவேரிப்பட்டணம், இன்று பக்கத்து மாவட்டமாகிவிட்ட திருப்பத்தூர், வாணியம்பாடி என்று மலைக்கோட்டைகளும் அவற்றைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்த நிலம் அது.

இதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன்னால், 1784ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பிட்டின் இந்தியச் சட்டம் என்று பாடப் புத்தகங்களில் வருவது அதுதான். இந்தியாவில் நாடு பிடிப்பதும் ஆட்சிப் பரப்பை விரிப்பதும் பிரிட்டிஷ் தேசத்தின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதவை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சட்டம் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் மலைகளும் கணவாய்களும் கை மாறின.

கடல் கடந்த ஒரு நாட்டை வைத்துக்கொள்வதா, விட்டுப்போவதா என்ற கேள்வி லண்டனில் 1947ல் திடீரென்று முளைத்ததல்ல. ஆரம்பத்திலிருந்தே அது அங்கே இருந்தது. ஒவ்வொரு தலைமுறை மந்திரிகளும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். நாகரிகம், கடமை, தகுதி என்றெல்லாம் அந்தப் பதில்களுக்குப் பெயர் இருந்தது. சொன்னவர்களில் சிலர் அதை மனதார நம்பவும் செய்தார்கள். ஆனால் முடிவுகளைத் தள்ளிக்கொண்டு போனது எப்போதும் வரவு செலவுக் கணக்குதான் என்பது என் வாசிப்பு. அந்தக் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது தானாக நடந்ததல்ல என்பதும், அதை அப்படி ஆக்கியவர்களில் இந்த மண்ணோடு தொடர்புள்ளவர்களும் உண்டு என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியவை.

கணவாய்க்காகப் பிடித்த நிலம்

கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பாராமகாலைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் இங்கே விளைந்த ராகியோ மாம்பழமோ அல்ல. 1780ல் ஹைதர் அலியின் குதிரைப்படை செங்கம் கணவாய் வழியாக இறங்கி ஆற்காட்டுச் சமவெளியைச் சூறையாடியது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே வரும் பாதைகளை அடைக்க வேண்டும் என்றால் ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் கையில் இருக்க வேண்டும். ராயக்கோட்டையைக் கம்பெனிப் படை 1791லேயே பிடித்துவிட்டது. அதே ஆண்டு கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியபோது மேலே ஏற முடியாமல் திரும்பியது. சண்டையில் கிடைக்காத கோட்டை உடன்படிக்கையில் கிடைத்தது.

மைசூர் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும் கார்ன்வாலிஸ் பாதியோடு நிறுத்தினார். லண்டனின் சட்டம் ஒரு காரணம். முழு நாட்டையும் ஆள ஆகும் செலவு இன்னொரு காரணம். கூட்டாளிகளாக இருந்த மராத்தியரையும் நிஜாமையும் சமாளிக்க வேண்டியிருந்தது மூன்றாவது. அதனால்தான் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் இன்னும் ஏழு ஆண்டுகள் திப்புவிடமே இருந்தன. 1799ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் அந்த மேட்டுப்பகுதி கம்பெனிக்கு வந்தது. இன்று ஒரே மாவட்டமாக இருக்கும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது இரண்டு தவணையில்.

இந்த அரைகுறைச் சமாதானத்தில் எரிச்சலடைந்த ஒரு இளம் ராணுவ அதிகாரி இருந்தார். எல்லாவற்றையும் மிதமாகவும் சமாதானமாகவும் செய்துகொண்டே போனால் இருபது ஆண்டுகளில் நாமெல்லாம் குவேக்கர்கள் ஆகிவிடுவோம் என்று அவர் கடிதத்தில் எழுதினார். குவேக்கர்கள் என்றால் சண்டையே கூடாது என்று நம்பும் கிறித்துவப் பிரிவினர். எழுதியவர் தாமஸ் மன்றோ.

மன்றோவின் பதில்

மன்றோவை நம் பக்கத்தில் ரயத்வாரி முறைக்காக நினைவு வைத்திருக்கிறோம். புதிதாகக் கிடைத்த பாராமகாலை நிர்வகிக்க நாட்டு மொழிகள் தெரிந்த சிவில் அதிகாரிகள் மதராஸில் போதுமான அளவு இல்லை. அதனால் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியையும், மன்றோ உட்பட அவருடைய உதவியாளர்களையும் கார்ன்வாலிஸ் நியமித்தார். 1792 முதல் 1799 வரை மன்றோ இங்கே ஊர் ஊராகச் சுற்றி நிலம் அளந்தார், கிஸ்தி நிர்ணயித்தார், குடியானவர்களோடு உட்கார்ந்து பேசினார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். பின்னாளில் எங்கெங்கோ பதவி வகித்தும் இந்த ஊர் மீதான பிரியத்தை அவர் கடிதங்களில் மறைக்கவில்லை.

இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு உழவரிடமும் அரசே நேராக வரி வாங்குவதுதான் ரீடும் மன்றோவும் இங்கே உருவாக்கிய ஏற்பாடு. உழவருக்கு நல்லது என்று அவர்கள் சொன்னார்கள். ஜமீன்தார் கையில் சிக்குவதைவிட நல்லதுதான். ஆனால் வரி ரொக்கமாகக் கட்ட வேண்டும், விகிதமும் கனமானது. பின்னால் ராயலசீமைப் பகுதியில் தான் நிர்ணயித்த வரியையே கால் பங்கு குறைக்க வேண்டும் என்று மன்றோவே 1807ல் பரிந்துரைத்தார் என்பதிலிருந்து சுமை எவ்வளவு என்று ஊகிக்கலாம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரயத்வாரி பிறந்த இதே மண்ணை, வங்காளத்தில் செய்தது போலவே செய்ய வேண்டும் என்ற மேலிடத்து உத்தரவால், 1802க்குப் பிறகு மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். பல மிட்டாதார்கள் கட்ட முடியாமல் நொடித்துப் போனார்கள். உழவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மன்றோ 1820ல் மதராஸ் கவர்னர் ஆனார். 1824 டிசம்பர் 31 அன்று அவர் எழுதிய ஒரு நீண்ட அலுவல் குறிப்பு, காலனி விஷயத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எழுதிய மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று. இந்தியாவைத் தற்காலிக உடைமையாக நினைக்கக் கூடாது, நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியதாகவே கருத வேண்டும் என்கிறார். எதுவரை? இந்த நாட்டு மக்கள் தங்கள் மூடநம்பிக்கைகளில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, தாங்களே ஒரு ஒழுங்கான அரசை அமைத்து நடத்திக் காப்பாற்றும் அளவுக்குத் தெளிவு பெறும் வரை. அந்தக் காலம் வந்தால், பிரிட்டிஷ் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வதே இரு நாடுகளுக்கும் நல்லதாக இருக்கும் என்கிறார்.

இருபது ஆண்டில் குவேக்கர் ஆகிவிடுவோம் என்று கோபப்பட்டவர், முப்பது ஆண்டு கழித்து ஒருநாள் போகத்தான் வேண்டும் என்று எழுதுகிறார். அதை நான் மதிக்கிறேன். உள்நாட்டு மக்களைப் பெரிய பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்தும் என்று அந்தக் காலத்தில் அழுத்தமாகச் சொன்ன மிகச் சிலரில் அவர் ஒருவர். ஆனால் அதே மன்றோ 1822ல் பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்து ஒரு குறிப்பு எழுதினார். அந்நியர் ஆட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் ஒன்றாக நெடுநாள் இருக்க முடியாது என்பது அவர் வாதம். தகுதி வந்த பிறகு போவோம் என்று சொல்பவரே, தகுதி வந்துவிட்டது என்று நாம் சொல்லக்கூடிய வாயையும் மூடுகிறார். தகுதியை யார் அளப்பது, எந்தக் கோல் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த நூறு ஆண்டுகள் லண்டனில் ஆட்சிக்கு வந்த எவரிடமும் இல்லை.

1833ல் மெக்காலே நாடாளுமன்றத்தில் இதே கருத்தைப் பேச்சுத்திறனோடு சொன்னார். இந்தியர்கள் ஐரோப்பிய பாணி ஆட்சியமைப்பைக் கேட்கும் நாள் வந்தால் அது ஆங்கிலேய வரலாற்றின் பெருமைமிக்க நாளாக இருக்கும் என்றார். அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், கம்பெனியின் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் பத்தரை சதவீத ஈவுத்தொகையை இந்திய வருவாயிலிருந்து கொடுக்கும்படி உறுதி செய்தது. பெருமையும் ஈவுத்தொகையும் ஒரே சட்டத்தில் வந்தன.

சுமை என்றார்கள், ஆனால் இந்தியாவை அல்ல

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் அரசியலில் காலனிகள் வேண்டாம் என்ற குரல் பலமாகவே இருந்தது. 1852ல் நிதியமைச்சராக இருந்த டிஸ்ரேலி, இந்தப் பாழாய்ப்போன காலனிகள் நம் கழுத்தில் கட்டிய ஏந்திரக்கல் என்று சக மந்திரிக்கு எழுதினார். அவர் மனதில் இருந்தவை கனடா போன்ற குடியேற்ற நாடுகள். அவற்றின் பாதுகாப்புக்குப் பணம் பிரிட்டனிலிருந்து போனது. 1864ல் அயோனியத் தீவுகளை கிரேக்க நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். செலவு வைக்கும் காலனியை விடுவது அப்போதே சாத்தியமாகத்தான் இருந்தது.

இந்தியாவைப் பற்றி யாரும் அப்படிப் பேசவில்லை. ஏனென்றால் இங்கே செலவை நாமே கொடுத்தோம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியா பெயரில் கடனாக ஏறியது. லண்டனில் இந்திய அலுவலகம் நடத்தும் செலவு, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் ஓய்வூதியம், கடன் வட்டி, ரயில்வே முதலீட்டுக்கு உறுதியளித்த வருமானம் எல்லாம் இந்திய வரிப்பணத்திலிருந்து ஆண்டுதோறும் போயின. 1900 வாக்கில் இந்த வகையில் மட்டும் ஆண்டுக்கு 1.6 கோடி பவுண்டுக்கு மேல் போனது. இந்தியப் பணத்தில் வளர்த்த படையை அபிசீனியாவுக்கும் எகிப்துக்கும் சீனாவுக்கும் அனுப்பினார்கள். காசு கொடுக்காமல் எத்தனை சிப்பாய்களை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் படைக்கொட்டகையாக இந்தியாவைப் பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரியே 1867ல் சொல்லியிருக்கிறார். பிடிக்கவில்லை என்றாலும் பழக்கம் நின்றபாடில்லை.

டிஸ்ரேலி பிரதமரானதும் 1876ல் விக்டோரியாவுக்கு இந்தியப் பேரரசி பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் நடந்தது. அந்த நேரத்தில் இங்கே தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலி வகுத்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அன்று தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881ல் சுமார் 16 லட்சம். பத்து ஆண்டில் கூட வேண்டிய எண்ணிக்கை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். லண்டன் போட்ட வரவு செலவில் இந்த எண்ணிக்கைக்கு எந்தப் பத்தியும் கிடையாது. அதை நான் வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க முடிவதில்லை. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாமே அதில் மிஞ்சியவர்களின் வழி வந்தவைதான்.

பாப்பாரப்பட்டியில் உறங்கும் மனிதர்

லாபக் கணக்கில் கைவைத்தால்தான் ஆட்சி அசையும் என்பதை முதலில் செயலில் காட்டியவர்கள் சுதேசிக்காரர்கள். 1906ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் கொழும்பு வழித்தடத்திலேயே போட்டிக்கு நின்றது. அவரோடு மேடைதோறும் முழங்கியவர் சுப்பிரமணிய சிவா. 1908ல் இருவரையும் ராஜத்துரோகக் குற்றத்தில் பிடித்தார்கள். திருநெல்வேலி நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்து ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது.

இந்தத் தீர்ப்பு லண்டனில் என்ன செய்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் மந்திரிசபையில் இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் இந்திய மந்திரியாக இருந்த ஜான் மார்லி, வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த தண்டனைகளைக் குறிப்பிட்டே கொதித்தார். இவை நிற்கக் கூடாது, இப்படிப்பட்ட கொடூரத்தை எந்த நிலையிலும் என்னால் ஆதரித்துப் பேச முடியாது என்றார். ஒழுங்கைக் காக்கத்தான் வேண்டும், ஆனால் அளவு மீறிய கடுமை ஒழுங்குக்கு வழி அல்ல, அது வெடிகுண்டுக்கு வழி என்றும் எழுதினார்.

மார்லி நம் பக்கம் நின்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபையில், தன் சீர்திருத்தங்கள் இந்தியாவில் நாடாளுமன்ற ஆட்சிக்கு வழி வகுக்கும் என்றால் அதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்று அறிவித்தவரும் அவரே. மார்லி கவலைப்பட்டது ஆட்சியின் ஆயுளைப் பற்றி. அடித்து ஆளும் செலவு, விட்டுக்கொடுத்து ஆளும் செலவைவிடக் கூடும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. அந்தச் செலவை ஏற்றிக் காட்டியவர்கள் இந்த இரண்டு பேர்.

சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடை போட்டது. அதனால் நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் தருமபுரிக்குப் பக்கத்தில் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார். நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. மார்லியின் கடிதமும் சிவாவின் நினைவிடமும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்று நான் கருதுகிறேன். அங்கே வைக்கும் தகவல் பலகையில் அந்தக் கடிதமும் இடம் பெறுவது நல்லது.

தவணை முறையில் வாக்குறுதி

முதல் உலகப் போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். இந்திய அரசு பத்து கோடி பவுண்டு போர்க்கொடையும் கொடுத்தது. இதற்குப் பதிலாக 1917 ஆகஸ்ட் 20 அன்று இந்திய மந்திரி மாண்டேகு, பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்குவதே இலக்கு என்று அறிவித்தார். எத்தனை படி, எப்போது என்று சொல்லவில்லை. 1929ல் வைஸ்ராய் இர்வின், டொமினியன் அந்தஸ்துதான், அதாவது பிரிட்டிஷ் மன்னரின் கீழ் கனடாவைப் போன்ற சுயாட்சிதான் இலக்கு என்றார். தேதி அப்போதும் இல்லை. 1935ல் மாகாணங்களுக்குச் சுயாட்சி வந்தது. ராணுவமும் நிதியின் முக்கியப் பிடிகளும் வைஸ்ராயிடமே இருந்தன.

அந்த அரைகுறை அதிகாரத்தில் 1937ல் மதராஸ் பிரதமராக (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) வந்தவர் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவருடைய அப்பா அந்த ஊர் முன்சீப். ரயத்வாரி முறையில் கிராமத்திலிருந்து கிஸ்தியை வசூலித்து மேலே அனுப்பும் கடைசிக் கண்ணி முன்சீப்தான். ரீடும் மன்றோவும் தொடங்கிய வரி இயந்திரத்தின் அடிமட்டத்தில் இருந்த ஒரு வீட்டுப் பிள்ளை, மாகாணத்தின் நிதியைக் கையாளும் இடத்துக்கு வந்தார்.

கணக்கு தலைகீழானது

இரண்டாம் உலகப் போர்தான் எல்லாவற்றையும் புரட்டியது. 1942 நவம்பரில் சர்ச்சில், பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தைக் கலைத்து மூடுவதற்குத் தலைமை தாங்க நான் மன்னரின் முதல் மந்திரி ஆகவில்லை என்று முழங்கினார். அவர் முழங்கிக்கொண்டிருந்தபோதே அவருடைய கருவூலம் இந்தியாவிடம் கடனாளி ஆகிக்கொண்டிருந்தது. 1939ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவுக்கு வெளியே நடக்கும் போருக்காக இந்தியா செய்யும் செலவை பிரிட்டன் ஏற்க வேண்டும். ரொக்கமாகக் கொடுக்க பிரிட்டனிடம் இல்லை. லண்டனில் பற்று எழுதி வைத்தார்கள். இங்கே ரூபாய் நோட்டு அடித்துச் செலவு செய்தார்கள், விலைவாசி ஏறியது. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்மிடம் கடன் வட்டி வாங்கியவர்கள் நம்மிடமே கடன்பட்டார்கள்.

அந்தக் கடனின் ஒரு சிறு தடம் இங்கேயும் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அன்று குறுகிய ரயில்பாதைகள் ஓடின. போர்க்காலத்தில், 1941 வாக்கில், மூடப்பட்டு தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை ரயில் திரும்பி வரவில்லை. மொரப்பூர்–தருமபுரிப் பாதைக்காக மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தது தலைமுறைகளைத் தாண்டிய கதை. பவுண்டுக் கணக்கில் எழுதப்பட்ட கடனை லண்டன் பின்னால் தவணையாகத் தீர்த்தது. இந்த மாதிரி இழப்புகளை யாரும் எழுதியே வைக்கவில்லை.

1942 ராஜாஜியின் வாழ்க்கையில் மிகக் கசப்பான ஆண்டு. லண்டன் அனுப்பிய மந்திரி கிரிப்ஸ் கொண்டு வந்த திட்டத்தில், போர் முடிந்ததும் டொமினியன் அந்தஸ்து, விரும்பினால் விலகும் உரிமை, சேர விரும்பாத மாகாணங்கள் தனியே போகலாம் என்று இருந்தது. காங்கிரஸ் நிராகரித்தது. பேச்சைத் தொடர வேண்டும், முஸ்லிம் லீகோடு உடன்பாடு காண வேண்டும் என்று ராஜாஜி வாதாடினார், கட்சியிலிருந்தே வெளியேறினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தையும் ஆதரிக்கவில்லை. போரின் நடுவில், பொறுப்பை ஏற்கும் அரசு ஒன்று அமையாமல் போகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவர் நிலை. அன்று அவரைத் துரோகி என்றார்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். 1942 ஆகஸ்ட் எழுச்சி இல்லாமல் இருந்திருந்தால், இந்த நாட்டைப் படைபலத்தால் இனி ஆள முடியாது என்ற பயம் லண்டனுக்கு வந்திருக்காது. ஆனால் எப்படிப் போகிறார்கள் என்பது, போகிறார்களா என்பதைப் போலவே முக்கியம் என்று அவர் கண்டது சரி. 1947ல் பஞ்சாபிலும் வங்காளத்திலும் சிந்திய ரத்தம் அதற்குச் சாட்சி.

போருக்குப் பிறகு வந்த அட்லியின் தொழிற்கட்சி அரசு, இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுக்க விரும்பிய அரசுதான். இருந்தாலும் விருப்பம் மட்டும் தேதி குறிக்கவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். ஆட்சியை இன்னும் நெடுநாள் தாங்க முடியாது, படிப்படியாகப் பின்வாங்கத் திட்டம் வேண்டும் என்று வைஸ்ராய் வேவல் எச்சரித்தார். 1947 புத்தாண்டு அன்று வெளியுறவு மந்திரி பெவின், இப்படித் தேதி குறித்து ஓடுவது அவமானம், மற்ற இடங்களிலும் பிடி தளரும் என்று அட்லிக்கு எழுதினார். மறுநாளே அட்லி பதில் எழுதினார். அதன் சாரம் இதுதான்: நிர்வாகம் இற்றுவிட்டது, அனுப்பப் படை இல்லை, இந்தியச் சிப்பாய்கள் தங்கள் மக்களையே சுடுவார்கள் என்று நம்ப முடியாது, நம் கட்சியும் மக்களும் ஏற்க மாட்டார்கள், உங்களிடம் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். பெவினிடம் வேறு வழி இல்லை.

1947 பிப்ரவரியில் பிரிட்டனில் கடும் குளிர், நிலக்கரி இல்லை, தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. 18ஆம் தேதி பாலஸ்தீனத்தை ஐ.நா.விடம் ஒப்படைப்பதாக அறிவித்தார்கள். 20ஆம் தேதி, 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டுப் போவதாக அட்லி அறிவித்தார். 21ஆம் தேதி, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று அமெரிக்காவுக்குத் தெரிவித்தார்கள். நான்கு நாட்களில் மூன்று பொறுப்புகள். மவுண்ட்பேட்டன் வந்து 1947 ஆகஸ்டுக்கே முன்னால் இழுத்துவிட்டார். அட்லி முதலில் குறித்த அதே 1948 ஜூனில், 21ஆம் தேதி, தொரப்பள்ளிக்காரர் கவர்னர் ஜெனரல் ஆனார். 1950 ஜனவரி 26 அன்று குடியரசு வந்தபோது அந்தப் பதவியே இல்லாமல் போனது.

மற்றவர்கள் போட்ட கணக்கு

இந்தியாவை விட்ட அதே அரசு, அதே 1948 ஜூனில் மலாயாவில் அவசரநிலை அறிவித்து நீண்ட சண்டையில் இறங்கியது. மலாயா ரப்பரும் வெள்ளீயமும் அமெரிக்க டாலரைக் கொண்டு வந்தன. டாலர் இல்லாமல் பிரிட்டன் உணவுகூட வாங்க முடியாத காலம் அது. அந்தத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்தவர்களில் சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணி என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரி மூலம் போனவர்களும் இருந்தார்கள். கொள்கை மாறிவிட்டதால் இந்தியாவை விட்டார்கள் என்று யாராவது சொன்னால் மலாயாவை நினைவுபடுத்தினால் போதும். அது 1957ல் விடுதலை ஆனது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பிரதமர் மேக்மில்லன், ஒவ்வொரு காலனிக்கும் லாப நஷ்டக் கணக்கு போட்டுத் தரும்படி அதிகாரிகளைக் கேட்டார். பொருளாதார லாபமும் நஷ்டமும் ஏறத்தாழச் சமம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஆப்பிரிக்காவில் கொடிகள் வேகமாக இறங்கின.

பிரான்ஸும் போர்ச்சுகலும் வேறு மாதிரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தார்கள். அடுத்த மாதமே புதுச்சேரி நிர்வாகம் கை மாறியது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதைச் சட்டப்படி ஏற்க 1962 வரை ஆனது. அல்ஜீரியாவில் போர் நடக்கும்போது இன்னொரு இடத்தை விட்டதாகப் பதிவு செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. போர்ச்சுகல் 1951ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, தனக்குக் காலனிகளே இல்லை, எல்லாம் கடல் கடந்த மாகாணங்கள் என்றது. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் போன பிறகும், 1974ல் லிஸ்பனில் ஆட்சி கவிழும் வரை அந்த இழப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை. மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன், 1965ல், பிரிட்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை அதிலிருந்து பிரித்து எடுத்தது. விலை 30 லட்சம் பவுண்டு. அந்தத் தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க அடிமைகளின், இந்தியக் கூலிகளின் வழிவந்த தீவு மக்கள் அனைவரையும் 1973க்குள் வெளியேற்றினார்கள். இந்தப் பிரிப்பு சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கருத்துரைத்தது. 2025 மே மாதம், தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுத்துவிட்டு டியேகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. மொரீஷியஸிலும் சேஷல்ஸிலும் லண்டனுக்குத் தெற்கே கிராலியிலும் சிதறி வாழும் சாகோஸ் மக்கள் இதில் ஒரே கருத்தோடு இல்லை. மொரீஷியஸ் கொடியின் கீழாவது ஊர் திரும்பினால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், பிரிட்டிஷ் குடிமக்களாகவே திரும்ப வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். தங்களைக் கேட்டு முடிவு செய்திருக்க வேண்டும் என்று அவர்களில் பலர் தெருவிலும் நீதிமன்றத்திலும் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.